பொலிஸ் புத்தகத்தில் பெயர் இல்லாதவர்கள்

(வாசகர் கேள்வி – பதில். பதில் எழுதுபவர் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் நீதவான் நீதிமன்றங்களில் 29 வருடம் முதலியாராக (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக) இருந்து 2019 இல் ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: அம்மா, எங்கள் பீடத்தில் அடுத்த மாதம் விவாதப் போட்டி. "பாதிக்கப்பட்டவர் இல்லாத குற்றங்களால் சமூகத்துக்குத் தீங்கில்லை" என்பது தலைப்பு. தீங்கில்லை என்ற பக்கத்தில் நான் பேசவேண்டும். குடிக்கிறவன் தன் காசில் குடிக்கிறான், சீட்டாடுகிறவன் தன் காசை இழக்கிறான். அடுத்தவனுக்கு என்ன நட்டம்? நீதிமன்றத்தில் இவ்வளவு காலம் இருந்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— மாணவர், வந்தாறுமூலை

பதில்: தம்பி, உங்கள் பக்கத்துக்கு வேண்டியதும் என்னிடம் இருக்கிறது. அதற்கு முதல் ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

குற்றப்பத்திரத்தை எதிரிக்கு வாசித்துக் காட்டி, "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்பது முதலியாரின் வேலை. 2011 இல் ஒருநாள் படுவான்கரைப் பக்கத்து ஆள் ஒருவர் கூண்டில் நின்றார். வயலில் கூலி வேலை செய்கிறவர். 750 மில்லிலீற்றர் கசிப்போடு, அதாவது கள்ளச் சாராயத்தோடு, பிடிபட்டிருந்தார். முறைப்பாட்டாளர் என்ற இடத்தில் வழக்கம்போலப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. "குற்றவாளி" என்றார். 5,000 ரூபாய் தண்டம். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தேன். தண்டக் காசு வாங்கும் சிறாப்பரின் யன்னலுக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி நின்றார். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த தாள்களை ஒவ்வொன்றாக விரித்துச் சுவரில் வைத்துத் தேய்த்து எண்ணினார். 500 ரூபாய்த் தாள்கள், 100 ரூபாய்த் தாள்கள், கடைசியில் நிறைய 20 ரூபாய்த் தாள்கள். காதில் தோட்டுக்குப் பதிலாக வேப்பம் ஈர்க்கு செருகியிருந்தது. தோடு அன்று காலையில்தான் அடகுக்குப் போனதாம். எண்ணி முடித்தபோது 240 ரூபாய் குறைந்தது. "அம்மா, மிச்சத்தைப் பிறகு கொண்டுவந்து கட்டினா இவரை இப்பவே விடுவாங்களா?" என்று என்னைக் கேட்டார். கூட வந்த வயதான பெண் இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து அதைக் கொடுத்தார்.

பின்னேரம் அந்தக் கோவையைக் கட்டிவைக்கும்போது புரட்டிப் பார்த்தேன். பிடித்த பொலிஸ்காரரின் பெயரும் இலக்கமும் இருந்தன. எதிரியின் பெயர், முகவரி, பிடிபட்ட நேரம், போத்தலின் அளவு எல்லாம் இருந்தன. தோட்டை அடகு வைத்த பெண்ணின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அந்தப் பெண் ஏன் பொலிஸுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். போனால் புருசன் உள்ளே போவார், கூலி நின்றுவிடும். ஊரில் தலை காட்ட முடியாது. வெளியே வந்த பிறகு அடியும் விழும். முறைப்பாடு வரவில்லை என்பதற்காகப் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று முடிவுகட்டுவது பிழை. நான் கண்ட கசிப்பு, போதைப்பொருள், சூது வழக்குகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பின்னால் வீட்டில் ஒருவர் இருந்தார். தாயாக, மனைவியாக, பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்ட பிள்ளையாக.

அந்த 5,000 ரூபாயையும் பாருங்கள். குற்றம் செய்தவர் புருசன். காசு போனது மனைவியின் காதிலிருந்து. முதலில் குடி அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்தது, பிறகு சட்டமும் எடுத்தது. இதை நினைத்து எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்கியதில்லை.

இனி உங்கள் பக்கம். 1859 இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் என்ற ஆங்கிலத் தத்துவஞானி சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள்: ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு எதிராகத் தடுக்க வேண்டுமென்றால், அது மற்றவருக்கு வரும் தீங்கைத் தடுப்பதற்காகத்தான் இருக்க வேண்டும். 1965 இல் எட்வின் ஷூர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 'பாதிக்கப்பட்டவர் இல்லாத குற்றங்கள்' என்ற பேச்சைப் பரவலாக்கினார். முறைப்பாடு செய்ய ஆளில்லாத இடத்தில் சட்டம் புகுந்தால், பொலிஸ் உளவுபார்ப்பதும் கள்ளச் சந்தை வளர்வதும்தான் நடக்கும் என்ற வாதம் அங்கிருந்து வருகிறது. அதில் உண்மை இருக்கிறது. நானே கண்டிருக்கிறேன்.

வேலையின்றி அலைவோரைப் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்று 1841 இல் வந்தது. அதன் கீழ் பஸ் நிலையத்தில் பிடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரவு கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் ஆஸ்பத்திரித் துண்டும் ஒரு பாண் துண்டும். அவரால் யாருக்கு என்ன கெட்டது? அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் இருந்தால், கூண்டில் நின்ற அவரேதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், சில வாசகர்களுக்குக் கோபம் வரும். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கின. வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தது அது. அவர்களே தங்கள் நாட்டில் 1967 இல் அதைத் தளர்த்திக்கொண்டார்கள். இங்கே அந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. வயது வந்த இரண்டு பேர் மனமொத்து வாழ்வதால் யாருடைய உலையிலும் அரிசி குறைவதில்லை. எனக்குப் பிடிக்கிறதா, உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது வேறு கதை. பிடிக்காததையெல்லாம் குற்றமாக்கினால் ஊரில் மிஞ்ச ஒருவரும் இல்லை.

ஆகவே தம்பி, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விடயம் கேளுங்கள். இதனால் யாருடைய உலையில் அரிசி குறைகிறது? தண்டனை கொடுத்தால் அது யாருடைய தலையில் விழுகிறது? போதைப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம் என்று 1984 இலேயே சட்டம் வந்துவிட்டது. 2022 இல் ஐஸ் என்ற போதைப்பொருளுக்கும் 5 கிராம் என்று எல்லை வைத்தார்கள். 1976 க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை, வியாபாரமும் நிற்கவில்லை. கூண்டுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி மில்லிகிராம் கணக்கில் வைத்திருந்த பையன்கள். பதினான்கு நாள் விளக்கமறியலுக்குப் போய், உள்ளே பெரிய கைகளைப் பழகிக்கொண்டு வருவார்கள். போர்த்துக்கல் நாடு 2001 இல் சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருப்பவர்களை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், வைத்தியரும் சமூக சேவையாளரும் இருக்கும் குழுவின் முன் அனுப்பத் தொடங்கியது. விற்பவர்களுக்கு அங்கேயும் சிறைதான். எனக்கு அது சரியாகப் படுகிறது.

உங்கள் மேடையில் "தீங்கில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் தோற்றுவிடுவீர்கள். "தீங்கு இருக்கும் இடம் வேறு, சட்டம் அடிக்கும் இடம் வேறு" என்று பேசிப்பாருங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வளவில் ஒரு பெண் கசிப்பு விற்கிறார். புருசன் இல்லை, மூன்று பிள்ளைகள். கிழமைக்குக் கிழமை லோன்காரர் வந்து வாசலில் நிற்பார்கள். பின்னேரமானால் ஆம்பிளைகள் வந்து எங்கள் வேலியோரம் நின்று சத்தம் போடுகிறார்கள். பொலிஸுக்குச் சொல்லலாம் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்?
— பெயர் வேண்டாம், கொக்கட்டிச்சோலைப் பக்கம்

பதில்: தங்கச்சி, மனம் வராதது நல்லது. ஆனால் "யாருக்கு என்ன கெடுதல்" என்று விட்டுவிடவும் வேண்டாம். மேலே நான் சொன்ன தோடு இந்தமாதிரி ஒரு வளவில் வாங்கிய போத்தலுக்காகத்தான் போனது.

ஒரு பெண் ஒரே குற்றத்துக்காக என் முன் ஒன்பது முறை வந்தார். ஒன்பதாவது தடவை நான் கேள்வியைக் கேட்டு முடிக்கவில்லை, "குற்றவாளி" என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். தண்டம் கட்டுவது அவருக்குக் கடைக்கு வரி கட்டுவது போல ஆகிவிட்டது. அந்தத் தண்டத்தையும் அவர் கட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. சரக்குக் கொடுக்கிற முதலாளி கட்டிவிட்டு, அதைக் கொப்பியில் கடனாக எழுதிக்கொள்வார். அந்தக் கடனைத் தீர்க்க அவர் திரும்பவும் விற்கவேண்டும். சீனியும் ஈஸ்ட்டும் போட்டுக் கோடா ஊறவைக்கிற பரல்கள் ஆற்றங்கரைக் கண்டல் மறைவில் புதைந்து கிடக்கும். காய்ச்சுகிறவர் அங்கே இருப்பார். போத்தலோடு பிடிபடுவது வாசலில் இருக்கும் பெண். ஒன்பது வழக்கிலும் அந்த முதலாளியை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

மதுவை முற்றாகத் தடைசெய்தால் சரியாகிவிடும் என்பவர்களும் எழுதுகிறார்கள். அமெரிக்கா 1920 முதல் 1933 வரை அதைச் செய்து பார்த்தது. கள்ளச் சாராயமும் கொள்ளைக் கூட்டங்களும் பெருகியதால் தானே கைவிட்டது. நம் ஊரிலும் அரச சாராயத்தின் விலை ஏறும்போது ஆட்கள் குடியை விடுவதில்லை, வேலியோரப் போத்தலுக்கு மாறுகிறார்கள்.

அப்போ என்ன செய்வது? முதலில் ஒரு பகல் நேரம், ஆம்பிளைகள் வராத நேரமாகப் பார்த்து நீங்கள் போய்ப் பேசுங்கள். குறை சொல்லப் போகவேண்டாம். ஒரு சுண்டு அரிசியோ நாலு முருங்கைக்காயோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள். லோன் எவ்வளவு, யாரிடம் என்று கேளுங்கள். அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு) பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கிராம சேவகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சுழற்சிக் கடன் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். கடன் இல்லாவிட்டால் முதலாளியின் பிடி தளரும்.

முறைப்பாடு கொடுப்பதென்றால் காய்ச்சும் இடத்தைப் பற்றிக் கொடுங்கள். மதுவரித் திணைக்களத்துக்குச் சொல்லலாம்.

ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளைகளின் கையில் போத்தலைக் கொடுத்து அனுப்புவதை நீங்கள் கண்ணால் கண்டால், பிறகு பொறுத்திருக்க வேண்டாம். அன்றைக்கே 1929 க்குச் சொல்லுங்கள். அது சிறுவர் உதவி இலக்கம்.

கேள்வி: சகோதரி, என் மகன் கைத்தொலைபேசியில் கிரிக்கெட்டுக்குப் பந்தயம் கட்டுகிறான். வயது 24, வேலை செய்கிறான். "என் சம்பளம், என் காசு, ஒருவரையும் ஏமாற்றவில்லை" என்கிறான். என்ன பதில் சொல்வது?
— தகப்பன், நிந்தவூர்

பதில்: சகோதரரே, அவருடைய சம்பளத் துண்டையும் கடன் கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சொந்தக் காசோடு நிற்கிறவரை அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரும் அங்கே நிற்கவில்லை. முதலில் கூட்டாளியிடம் கைமாற்று, பிறகு தங்கையின் வளையல், பிறகு வேலைசெய்யும் கடையின் கல்லாப்பெட்டி. கல்லாப்பெட்டியில் கைவைத்தபிறகுதான் அது நீதிமன்றத்துக்கு வரும். அப்போது அதற்குப் பெயர் திருட்டு, சூது அல்ல. நான் வேலைபார்த்த காலத்தில் மரத்தடியில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடி காசு வைத்தவர்களை 1889 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிடித்துக் கொண்டுவருவார்கள். நகரத்தில் வரி கட்டிப் பந்தயம் பிடிக்கும் புக்கிக் கடை பகலில் திறந்திருக்கும். மரத்தடி ஆட்டத்தில் ஒருவர் தோற்றால் அடுத்தவர் பார்த்து "போதும், வீட்டுக்குப் போ" என்பார். தொலைபேசியில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அந்த ஆளாக நீங்கள் இருங்கள். கடன் இருந்தால் ஒருதடவை நீங்களே அடைத்துவிட்டு, சம்பளத்தை மூன்று மாதம் தாயின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பிள்ளை உயிரை விட முயன்றது. பொலிஸ் வழக்குப் போடும் என்று பயந்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்திவிட்டார்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றமா?
— ஆசிரியை, திருக்கோவில்

பதில்: குற்றம் இல்லை, ரீச்சர். 1998 இலிருந்து இல்லை. இதை உங்கள் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் மூன்று தரம் சத்தமாகச் சொல்லுங்கள்.

அதற்கு முதல் குற்றமாக இருந்தது. ஒரு வருடம் வரை சிறை போடலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் அந்தக் குற்றப்பத்திரங்களை நானே வாசித்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டேன். உதடு அசைந்தது, தொண்டையிலிருந்து குரல் வரவில்லை, காயம் ஆறியிருக்கவில்லை. நீதவான் பேனையை வைத்துவிட்டு, "தலையை ஆட்டினால் போதும் என்று சொல்லுங்கள்" என்றார். நான் தமிழில் சொன்னேன். அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. செத்துப்போக நினைத்த பிள்ளையிடம் ஓர் அரசாங்கம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

1995 அளவில் தற்கொலை வீதம் மிக உயர்ந்திருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அது குறைந்தது சிறைக்குப் பயந்து அல்ல. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. இருபது வருடத்தில் வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. வயல் விளைச்சலும் அதனால் விழவில்லை. ஆளைப் பிடித்துக் கூண்டில் ஏற்றாமல், கடைத் தட்டிலிருந்த போத்தலை எடுத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். மேலே கேட்ட தம்பியும் இதைக் குறித்துவைக்கட்டும்.

அந்தப் பிள்ளையைத் தனியே விடவேண்டாம். ஊரார் வந்து "ஏன் செய்தாய்" என்று கேட்கவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். எந்த நேரமும் 1926 க்கு எடுத்துப் பேசலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கேள்வி: அம்மா, நான் உழவு மெசின் ஓட்டுகிறவன். ஆற்றில் மணல் ஏற்றினேன் என்று இரண்டு தரம் பிடித்துத் தண்டம் அடித்தார்கள். களவெடுத்தேனா, அடித்தேனா? ஆறு கொண்டுவந்து போட்ட மணல். எடுத்தால் மழைக்குத் திரும்பவும் வரும். இதில் யார் பாதிக்கப்பட்டது?
— செங்கலடிப் பக்கத்து வாசகர்

பதில்: மகன், உங்கள் கேள்விக்கு என் தாயின் ஊரைக் காட்டித்தான் பதில் சொல்லமுடியும். அது ஆற்றங்கரை ஊர். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது வளவுக் கிணற்றில் நாலு முழக் கயிறு போதும், கோடையிலும் தண்ணீர் கைக்கு எட்டும். ஆற்றில் மணல் இருக்கும்வரை அது பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. மெசின்கள் இறங்கி ஆற்றின் அடியைத் தோண்டத் தோண்ட ஆற்று நீர்மட்டம் இறங்கியது, கூடவே கிணறுகளும் இறங்கின. இப்போது என் மச்சாள் வைகாசி மாதத்தில் தண்ணீர் பவுசருக்குக் காத்திருக்கிறார். மாமாவின் வயலில் ஆற்றுப்பக்க மூலை வெள்ளத்தோடு இடிந்து போய்விட்டது, வரம்பையும் காணவில்லை. அவர் யார்மேல் முறைப்பாடு கொடுப்பார்? எந்த மெசின் ஏற்றிய எந்த கியூப் மணலால் அந்த மூலை இடிந்தது என்று யாரால் சொல்லமுடியும்?

மழைக்கு மணல் திரும்ப வரும் என்பது உண்மைதான். வருவதைவிட அதிகமாக எடுப்பதுதான் வினை.

உங்களைக் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைப்பது ஒரு நடைக்கான கூலி. பெரிய கட்டடங்களுக்கு ஏற்றி அனுப்புகிற ஆள் பிடிபடுவதில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது, அந்தக் கோபம் நியாயமானது. 1992 ஆம் ஆண்டின் சுரங்க, கனிப்பொருள் சட்டத்தின்படி எடுப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். உரிமம் உள்ள இடத்தில், உரிமம் உள்ள ஆளுக்கு ஓடுங்கள். நடைக்கு நூறு இருநூறு குறைந்தாலும் மெசின் பொலிஸ் வளவில் கிடந்து துருப்பிடிக்காது.

அடுத்த தரம் ஆற்றுக்குப் போகும்போது, ஏற்றத் தொடங்குமுன் கரையோரம் கொஞ்சம் நடந்து பாருங்கள். எங்கள் படித்துறையில் ஏழு கற்படி இருந்தன. ஏழாவது படியில் குந்தியிருந்துதான் அம்மா எனக்குத் தலை முழுகவார்த்தார். இப்போது அந்தப் படிக்குக் கீழே ஆளுயரக் குழி. பிள்ளைகளை இறக்கவேண்டாம் என்று சிவப்பு மையால் தகரத்தில் எழுதி, மருத மரத்தில் அறைந்து வைத்திருக்கிறார்கள்.